எரிக்காத சாக்குகள்

ஸ்தாமென்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கொழுந்தன் மிலிசாவ் கூடையிலிருந்த பிளம் பழங்களை ஒவ்வொன்றாகப் பிளந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தான். கொட்டையைச் சுற்றிக் கறுத்த எச்சம், நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு புழு.

"பாத்துக்க அண்ணி, இதுவும் புழு. இந்த வருஷமும் பாதிக்கு மேல சொத்தைன்னா மரத்தை வெட்டிட்டு ராஸ்பெரி வைக்கலாம்னு நீதானே ஒத்துக்கிட்ட? வார்த்தைன்னா வார்த்தைதான்."

ரம்பத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தான், புண்ணியவான்.

ஒத்துக்கொண்டது உண்மைதான். கணவன் போனபின் தோட்டம் இருவருக்கும் பொது. ஆனால் அவள் சும்மா இருந்துவிடவில்லை. போன கோடையிலேயே மரத்துக்கு மரம் அடியில் சாக்கைச் சுற்றி, சிவப்புக் கம்பளி நூலால் கட்டியிருந்தாள். பழத்தை விட்டு வரும் புழு, குளிருக்கு ஒதுங்க இடம் தேடிச் சாக்குக்குள் புகுந்து கூடு கட்டும். பனிக்காலத்தில் அவிழ்த்து எரித்தால் தொல்லை விட்டது. அவள் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதால் அந்த வேலையை இவனிடம் விட்டாள். "எல்லாம் எரிச்சாச்சு அண்ணி" என்று வந்து சொன்னான். அப்படியும் மே மாதத்து அந்தியில், விரல் நகத்தைவிடச் சின்னதான சாம்பல் நிறப் பூச்சிகள் கிளைகளைச் சுற்றிப் பறந்தன. எங்கிருந்து வந்தன இந்தச் சனியன்கள் என்று அவள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள்.

சொத்தைப் பழங்களை அள்ளச் சாக்கு தேடி, தோட்டத்தை ஒட்டியிருந்த அவன் கொட்டகைக்குள் நுழைந்தாள். மூலையில் சாக்குகள் அழகாக மடித்து அடுக்கியிருந்தன. ஒன்றை உருவினாள். சிவப்பு நூல் தொங்கியது. உள்பக்கம் முழுக்க வெள்ளைக் கூடுகள். ஒவ்வொன்றிலும் பூச்சி கழற்றிவிட்டுப் பறந்த வெறும் தோல் நீட்டிக்கொண்டிருந்தது.

அத்தனையையும் வாரி வந்து அவன் காலடியில் போட்டாள்.

"என்னடா இது?"

மிலிசாவ் தலையைச் சொறிந்தான். "நல்ல சாக்கு அண்ணி. உருளைக்கிழங்கு போட ஆகுமேன்னு... எரிக்க மனசு வரல."

"மரத்தை அறுக்க மட்டும் மனசு வந்துச்சா? பூச்சியைக் கூரைக்குக் கீழ பத்திரமா வெச்சிருந்து, என் மரத்துமேல ஏவிவிட்டுட்டு, என் மூக்குலயே புழுவை நீட்டுறியா?"

"பேசின வார்த்தைன்னு ஒண்ணு..."

"எரிச்சாச்சுன்னு சொன்னியே, அது எவன் வார்த்தை?"

அவள் ரம்பத்தைப் பிடுங்கினாள்.

"இது இனி என் வீட்டுல இருக்கும். அடுத்த வருஷப் பழத்தைப் பாத்துட்டுப் பேசு."

அவன் சட்டைப்பையிலிருந்த ராக்கியாக் குப்பியையும் உருவிச் சாக்குகள்மேல் கவிழ்த்தாள். இதே மரங்களின் பழத்தில் காய்ச்சிய சாராயம்தான். வெறும் கூட்டை இப்போது எரித்து என்ன பயன் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் தீக்குச்சியைக் கிழித்தாள்.

மிலிசாவ் குனிந்து அடியிலிருந்த ஒன்றை மெல்ல இழுத்தான்.

"இது ஒண்ணை மட்டும் வெச்சுக்கட்டுமா அண்ணி? கிழியவே இல்ல."

அவள் அதைப் பிடுங்கி முதலில் அதில் தீ வைத்தாள்.