அரிசி அண்டாவில் வைத்த பேட்டரி

1

இந்தக் கதை எனக்கு வில்லியனூரில், ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைத்தது. சுவர்க் கடிகாரத்துக்கு செல் வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒரு பேட்டரியைக் கத்தரிக்காய் வாங்குவதுபோல் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "இது ஓடும். மேடு ஏறாது," என்று திருப்பிக் கொடுத்தார். கடைக்காரர் முழித்தார். நானும்தான். செல்லை மறந்துவிட்டு அவரோடு பேச்சுக் கொடுத்தேன். கடிகாரம் இன்னும் ஓடவில்லை.

பெயர் தனக்கொடி. ஊர் பண்டசோழநல்லூர். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். ரிமோட்டில் ஓடும் எலெக்ட்ரிக் லாரி ஒன்று வைத்திருக்கிறார், கைக்குழந்தை அளவுக்கு. அதைப் பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2

முதல் வரிக்குப் படாதபாடு பட்டேன்.

'கதிரவன் மெல்ல எழுந்தபோது தனக்கொடியின் விழிகளில்' (சீ.)

'பொறியாளராக வந்திருக்க வேண்டியவள் அவள். ஆனால் விதி' (இதை அவரிடமே படித்துக் காட்டினேன். "யாரு சார் வந்திருக்க வேண்டியவ? வந்துதானே நிக்கிறேன்?" அடித்துவிட்டேன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். பாகூரில் அறுவடை முடிந்த வயலில் ஒரு போட்டி. மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு, ஒரே சார்ஜில் எல்லாச் சுற்றையும் முடிக்க வேண்டும். தனக்கொடியின் லாரி ஏற்கெனவே இரண்டு முறை நடுவழியில் படுத்துவிட்டது. கணவர் சாமிநாதன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த வாட்டியும் நின்னுச்சின்னா வண்டி பரணுக்குப் போயிடணும். ஊரே சிரிக்குது."

"சரி," என்றார் தனக்கொடி. சொன்ன சொல் மாறாத மனுஷி. நின்றால் பரண்தான்.

3

மோட்டார் கொட்டகையிலிருந்து கரும்புக் கொல்லைவரை, வரப்பு ஏறி இறங்கி, ஈர மண்ணைச் சுமக்கவைத்து மூன்று வகை பேட்டரியையும் ஓட்டிப் பார்த்தார். நிக்கல் பேட்டரி கனம், பொறுமைசாலி. ஆனால் போகப் போகத் தளரும். லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர், தொட்டால் பறக்கும். சீக்கிரமே சூடேறும். உருளை செல்களைச் சேர்த்து அவரே கட்டிய லித்தியம் அயான் ஒன்று இருந்தது. அது நெடுந்தூரம் ஓடும், மேட்டில் மூச்சு வாங்கும். ஓட்டம் முடிந்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

"சூடு ஏறாததுதான் சார் வூடு வந்து சேரும்."

(இங்கே வோல்ட், ஆம்பியர் பற்றி நீளமாக எழுதியிருந்தேன். எனக்கே புரியவில்லை. எடுத்துவிட்டேன்.)

சூட்டைச் சமாளித்துக்கொள்ளலாம், மேடு ஏற லிப்போதான் சரி என்று முடிவானது. அதற்கப்புறம்தான் அந்தத் தப்பு. அவர் வீட்டில் அரிசி அண்டாவோ தண்ணீர்க் குடமோ குறைந்து கிடக்கக் கூடாது. அதே பழக்கத்தில் லிப்போவுக்கும் முழு சார்ஜ் ஏற்றி, ஈரம் அண்டாமல் இருக்கட்டும் என்று அரிசிக்குள் புதைத்து வைத்தார். நெல் அறுப்பு, கரும்பு வெட்டு என்று வேலை தலைக்குமேல் போக, மறந்தே போனார். போட்டிக்கு முன்னால் எடுத்துப் பார்த்தால் பூரி மாதிரி உப்பிக் கிடக்கிறது! ஓடாமல் சும்மா வைக்கிற லிப்போவைப் பாதி சார்ஜில்தான் வைக்க வேண்டுமாம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சிரித்தார். "அரை வயித்தோட இருந்தாத்தான் நல்லாருக்குமாம். இன்னா புள்ளையோ இது!"

4

தான் கட்டிய பேட்டரியையே மாட்டிக்கொண்டு பாகூர் போனார். போட்டி நடத்துகிற மூலக்குளம் தமிழ்க்குமரன் குனிந்து பார்த்தார். "அக்கா, இது மேடு ஏறாதுக்கா."

"தெரியும்பா."

வண்டி நின்றுவிட்டால் தமிழ்க்குமரன் பத்துவரை எண்ணுவார். அதற்குள் நகராவிட்டால் வெளியே.

கடைசிச் சுற்றின் கடைசி மேடு. பாதி ஏறியதும் லாரி பீப் பீப் என்று கத்தியது. பேட்டரி வற்றிவிட்டது என்று அர்த்தம். ரிமோட் விசையை இன்னும் அழுத்தினால் செல் செத்துவிடும். நிறுத்தினால் பரண்.

(இங்கே ஒரு மழையைக் கொண்டுவர நினைத்தேன். கூச்சமாக இருந்தது.)

தனக்கொடி விசையை விட்டார். லாரி மேட்டில் பின்பக்கமாக உருண்டது.

"ஒண்ணு..." என்றார் தமிழ்க்குமரன்.

"எதுக்குப்பா எண்ணுற? நின்னாத்தானே எண்ணணும். நவுருதுல்ல?"

உருளும்போது பேட்டரிக்கு வேலை இல்லை. கொஞ்சம் தெம்பு வந்துவிடுகிறது. பீப் சத்தம் அடங்கியது. அடடா, என்ன மூளை! அழுத்தினார். முன்னைவிட ஒரு முழம் கூடுதலாக ஏறியது. மறுபடி பீப். மறுபடி விட்டார், உருளவிட்டு அழுத்தினார். தமிழ்க்குமரன் எண்ணுவதை மறந்து வாயைப் பிளந்தார்.

வரப்பிலிருந்து ஒரு குரல். "தனம், மெதுவா அழுத்துடி! பேட்டரி செத்துடப் போவுது!"

சாமிநாதன். பரண் என்று சொன்ன அதே வாய்தான்.

லாரியின் முன்சக்கரங்கள் உச்சியைத் தொட்டன. அப்போது

5

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் லாரி கோட்டைத் தாண்டிவிடுகிறது. ஒன்றில் உச்சியிலேயே படுத்துவிட, சாமிநாதன் ஓடிவந்து தூக்கிக்கொண்டு, "பரண்ல இடம் இல்ல," என்கிறார். இன்னொன்றில் (அதில் நான் ரொம்பவும் அழுகிறேன். வேண்டாம்.)

எதைப் போடுவது என்று தனக்கொடிக்கே போன் செய்தேன்.

"கதைய எழுதிட்டு சும்மாதான சார் வச்சிருப்பீங்க?"

"ஆமாம்மா. யாராவது எடுத்துப் படிக்கிறவரைக்கும்."

"அப்ப பாதியிலயே வையுங்க. நிறைச்சு வச்சா உப்பிடும்."

ஆகவே, இந்தாருங்கள் ரிமோட். லாரி உச்சியில் இருக்கிறது. மெதுவாக அழுத்துங்கள், சாமிநாதன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.