வெளுத்துப்போன பவளம்

ஆயுதபூஜை அன்று சுவிட்சை அணைக்கச் சொன்னது நான்தான். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றவன், இப்போது முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம். மண்ணூர் ரோட்டில் ஒரு பம்பு ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். மேனேஜர் பாண்டுரங்கனுக்கு மீன் பைத்தியம். கோவளத்திலிருந்து கேன் கேனாகக் கடல்தண்ணீர் வரவழைத்து, தன் அறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, ராமேஸ்வரத்துப் பவளத்தை உயிரோடு வளர்த்தார். பழுப்பாக, காலிஃப்ளவர் மாதிரி இருக்கும். அந்த அறையைப் பெருக்குகிறவள் லூர்தம்மாள். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள், ஆறு வருஷமாகத் தினக்கூலி. டிசம்பர் வந்தால் அவளுக்கு முப்பத்தைந்து முடியும். அதைத் தாண்டினால் எங்கள் கம்பெனியில் யாரையும் நிரந்தரம் செய்ய மாட்டார்கள்.

பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொட்டு வைத்த மெஷினை மறுபூஜை போடும்வரை ஓட்டக்கூடாது. இரண்டு நாள் லீவு. மேனேஜர் பெங்களூரில்.

"லூர்தம்மா, ஏசியும் மெஷின்தான், தொட்டி மோட்டாரும் மெஷின்தான். ரெண்டையும் அணை," என்றேன்.

"உள்ள மீனு கீதேண்ணே?"

"ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆவாது. வேதக்காரிக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? சொன்னதைச் செய்."

அடுத்தவர் சாமி விஷயத்தில் எதிர்த்துப் பேச அவளுக்குப் பயம். அணைத்துவிட்டாள். தொட்டி மூடிமேல் நான் சுற்றியிருந்த சீரியல் பல்பை மட்டும் எரியவிட்டேன். பூஜை விளக்கை அணைக்கக் கூடாதாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் நாங்கள் கதவைத் திறந்தபோது நாற்றம் குடலைப் பிடுங்கியது. மீன்கள் மிதந்தன. ஏசி இல்லாமல், பல்புச் சூடும் இறங்கி, தண்ணீர் குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் இருந்தது. பவளம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்னைக் காட்டிக் குடுத்துடாதம்மா. உன் பர்மனென்ட்டுக்கு நான் பேசறேன்," என்று அவளிடம் கெஞ்சினேன். மேனேஜர் வந்து கேட்டதும், "நான்தான் சார் அணைச்சேன்," என்றாள்.

அவர் கத்தவில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இது இன்னும் சாகலை. சூடு தாங்காம உள்ளே இருந்த பாசியைத் துப்பிடுச்சு, அதான் வெளுப்பு. பழைய நிறம் வந்தா உனக்கு நிரந்தர ஆர்டர். செத்தா, அன்னிக்கே கேட்டுக்கு வெளியே."

சட்டென்று குளிரவைத்தாலும் செத்துவிடுமாம். கேன்டீன் ஃபிரிட்ஜில் குளிர்ந்த பாட்டில்களை மூடியோடு மிதக்கவிட்டு, நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்கினாள். வெளிச்சம் உறுத்தாமல் துணி கட்டினாள். இங்க் ஃபில்லரில் இறால் சாற்றை எடுத்து சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். அப்போதெல்லாம் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் காற்று ஏற்றினாள். உப்பில் ஊறி விரலிடுக்கெல்லாம் புண். பெரிய பெண்ணுக்கு அம்மை போட்டபோதும் மேனேஜர் லீவு தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம், "அண்ணே, வாய் தெறக்குது பாருங்க!" என்று கூவினாள். அடியில் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. நவம்பர் கடைசியில் பவளம் முழுக்கப் பழைய நிறம். அவள் தொட்டி முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "சபாஷ்! பிரமாதம்!"

"சார், ஆர்டரு..."

"ஆர்டர் குடுத்தா உன்னை பம்பு மாட்டற லைன்ல போடணும். அப்புறம் இதை யார் பாத்துப்பா? இவ்ளோ நல்லா வேலை செய்றவளை எப்படி விடறது? இப்படியே இரு, அடுத்த வருஷம் பார்ப்போம்." அடுத்த வருஷம் என்ன என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"என்ன பலராமா, நான் சொல்றது நியாயம்தானே?" என்றார் அவர்.

"நியாயம்தான் சார்," என்றேன். என் குரல்தான், வேறு யாருடையதும் இல்லை.

அவர் வெளியே போனபிறகு, திட்டுவாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"நல்லா இருங்கண்ணே," என்றாள். "உங்க புள்ளைங்களும் நல்லா இருக்கட்டும்."

பவளத்துக்குச் சாப்பாட்டு நேரம். முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.