ஒட்ட மறுத்த தாடை

காலையிலிருந்து அந்தத் தாடை ஸகோர்காவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

திரையில் இருந்தவர் பெயர் புதிமிர். வசந்தகாலத்தில் செத்துப்போனவர். அரையாண்டு நினைவுநாள் நெருங்கிவிட்டது, அதற்குள் கல்லறையில் கல் நின்றாக வேண்டும். திமோக் ஆற்றுப் பக்கம் வெறும் பெயரை வெட்டி நிறுத்தினால் ஊரார் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். கல்லில் முகம் வேண்டும். ராதிசாவ் நடத்தும் கல் பட்டறையில் முகம் என்றால் ஸகோர்கா. வீட்டார் கொண்டுவரும் பழைய படங்களைக் கணினியில் ஏற்றி, பேனாப் பலகையால் தேய்த்து, துடைத்து, உயிர்கொடுத்துத் தருவாள். அதை இயந்திரம் கல்லில் புள்ளி புள்ளியாகக் கொத்தும்.

கல் கறுப்பு. அதில் வெளிச்சத்தை மட்டும்தான் கொத்த முடியும், இருட்டு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதனால் எந்த முகம் வந்தாலும் அவள் முதலில் தேடுவது வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். நெற்றி, மூக்குத்தண்டு, கீழுதடு. அப்புறம் கண். கண்ணைச் சரியாக வைத்துவிட்டால் மிச்ச முகம் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். சுருக்கங்களில் அதிகம் கைவைக்கமாட்டாள். பத்து வயதைக் குறைத்துவிடு என்று யாராவது கேட்டால், "குறைச்சா மேல இருக்கிற சொந்தக்காரங்களுக்கே அடையாளம் தெரியாதுங்க" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் போன மாதம் அடி விழுந்தது. ஒரு கிழவியின் முகத்தை முடித்துக் கல்லிலும் ஏற்றியாயிற்று. பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, "இது எங்கம்மா இல்ல" என்று போய்விட்டார்கள். கல்லை மறுபடி இழைத்து வழுவழுப்பாக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் ராதிசாவ், தானாகவே முகம் செய்யும் ஒரு புரோகிராமைக் கணினியில் போட்டான். இன்னொரு கல் திரும்பி வந்தால் ஸகோர்கா பழையபடி முற்றத்தில் குழாயைப் பிடித்துக் கல் கழுவ வேண்டியதுதான். கழுவுவதற்கு அவள் பயப்படவில்லை, அந்தத் தண்ணீரில் எத்தனையோ குளிர்காலம் நின்றவள். கண் போய்விட்டதோ என்றுதான் பயம். முகத்தைப் பார்த்ததும் ஆளைப் பிடிக்கிற அந்தக் கண்.

புதிமிரின் மகள் ஸ்னெஜானா சின்ன வயதிலிருந்து வியன்னாவில் வளர்ந்தவள், நினைவுநாளுக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். செல்போனில் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். ஒன்று, நோய் தின்றபிறகு எடுத்தது. தொப்பி நிழலில் கண் மட்டும் தெளிவு, கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது. இன்னொன்று கல்யாணத்தில் எடுத்ததாம். முகத்தை மட்டும் வெட்டி அனுப்பி, "அம்மா பக்கத்துல நிக்கிற அப்பா" என்று எழுதியிருந்தாள். கண்ணைக் கிழவரிடமிருந்தும் கன்னத்தையும் தாடையையும் இளைஞனிடமிருந்தும் எடுத்து, கொஞ்சம் வயதைப் பூசிச் சேர்ப்பது ஸகோர்காவின் திட்டம்.

சேரவில்லை. தனித்தனியாக இரண்டும் நன்றாக இருந்தன. சேர்த்தால் யாரோ மூன்றாவது ஆள் அவளை முறைத்தான். தாடையை அழித்தாள், திரும்ப வரைந்தாள். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் பிசகு எங்கே என்று தெரிந்துவிடும். தலைகீழாகவும் அவன் அந்நியனாகவே இருந்தான்.

இதே கல்லில் பக்கத்துப் பாதி புதிமிரின் விதவை பெத்ரியாவுடையது. அந்த அம்மாள் உயிரோடுதான் இருக்கிறாள், ஆனாலும் ஜோடியாகத்தான் முகம் வைப்பது வழக்கம். பிறந்த வருஷம், ஒரு கோடு, அப்புறம் வெற்றிடம். அவள் முகம் அரை மணியில் முடிந்துவிட்டது.

ராதிசாவ் காபிக் கோப்பையோடு வந்து நின்றான்.

"என்னக்கா, இன்னும் அந்தாளு பிடிவாதம் பிடிக்கிறாரா?"

"நீ வந்து நின்னா இன்னும் பிடிப்பாரு. போ."

"ஒரு தடவை என் புரோகிராமைத்தான் போட்டுப் பாப்போமே."

போட்டான். காபி ஆறுவதற்குள் முகம் வந்தது. பளபளவென்று, பல்வரிசை தெரிய.

"யாருடா இது? பல்பசை விக்கிறவனா?"

"அழகாத்தானே இருக்கு?"

"நல்லா அழகு. பெத்ரியாம்மா பாத்தா மறுபடி கழுத்தை நீட்டிடுவா. போடா."

அவன் சிரித்துக்கொண்டே போனான். ஆனால் வாசலில் நின்று, "வெள்ளிக்கிழமை கொத்தணும்கா. இது திரும்பி வரக்கூடாது" என்றான். அதில் சிரிப்பு இல்லை.

அவள் கல்யாணப் படத்தை மறுபடி பெரிதாக்கினாள். இளைஞனின் தாடைக்குக் கீழே நிழல் விசித்திரமாக விழுந்திருந்தது. வெயில் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் தாடையின் கோணமாவது பிடிபடும். ஸ்னெஜானாவைக் கூப்பிட்டாள்.

"வெட்டாத முழுப் படம் இருக்கா கண்ணு? சூரியன் எங்க இருந்துச்சுன்னு பாக்கணும்."

"இருக்குக்கா. படமெடுத்தவன் குடிச்சிட்டிருந்தானாம், இது ஒண்ணுதான் தேறிச்சு. அனுப்புறேன்."

படம் வந்தது. பெண்வீட்டு வாசல். நடுவில் பெத்ரியா, வெள்ளை முக்காடு. அவள் கையைத் தன் கையில் கோத்துக்கொண்டு அந்த இளைஞன். அவன் மார்பின் குறுக்கே பூ வேலை செய்த நீளத் துண்டு கட்டியிருந்தது.

ஸகோர்கா நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். முற்றத்தில் கல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி போனை எடுத்தாள்.

"உங்கம்மா கையை யாரு பிடிச்சிருக்கா?"

"அப்பாதான். வேற யாரு பிடிப்பா?"

"கொழுந்தன் பிடிப்பான்! குறுக்க துண்டு கட்டியிருக்கானே, அது கொழுந்தன் துண்டு. பொண்ணை வாசல்லருந்து கூட்டிட்டு வர்றது மாப்பிள்ளையோட தம்பி. உங்கப்பாவுக்கு ஒரே தம்பிதானே? உன் சித்தப்பன் வுகாஷின்டி அது!"

"அய்யோ... அவர் இப்ப தாடியும் தொந்தியுமா இருக்கார், எனக்கு எப்படித் தெரியும்? வியன்னாவுல மாப்பிள்ளைதான் கையைப் பிடிப்பான்!"

பின்னால் ஒரு குரல், "யாருடி? என்னவாம்?" என்றது. பெத்ரியா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"பெத்ரியாம்மா, உங்க பக்கத்துல வுகாஷினைப் படுக்கவைக்கப் பாத்தோம்."

"அட நாசமாப் போறவளே! அவன் இன்னும் தோட்டத்துல பிளம் உலுக்கிட்டிருக்கான்! அவன் பொண்டாட்டி மண்வெட்டியைத் தூக்கிட்டு வந்திருப்பா. ஊர் என்ன பேசியிருக்கும்? நாப்பது வருஷம் மானமா வாழ்ந்து, கல்லுல போயா கெடணும்?" திட்டிக்கொண்டே வந்தவள் பாதியில் சிரித்துவிட்டாள். மகளும் சிரிப்பது கேட்டது.

"அப்ப உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"பின்னால பாரு. அக்கார்டியன் வாசிக்கிறவன் பக்கத்துல பல்லைக் காட்டிட்டு நிப்பாரு. என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவரு, பாட்டு கேட்டுட்டு நின்னாரு."

இருந்தார். அரை முகத்தை அக்கார்டியன் மறைத்திருந்தது. மீதி அரையில் சிரிப்பு.

போனை வைத்தாள். தோள்பட்டையில் ஏறியிருந்த பாரம் மூட்டை இறக்கியதுபோல இறங்கியது. கண் எங்கேயும் போகவில்லை. ஒருவன் முகத்தில் இன்னொருவன் தாடையை வைத்தால் ஒட்டாது, ஒட்டவில்லை என்று அது காலையிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவள்தான் காது கொடுக்கவில்லை.

அப்புறம் வேலை ஓடியது. அரை முகத்தை எடுத்தாள். கிழவரின் கண்ணை வைத்ததும் கடைக்கண் மடிப்பு கோடு மாறாமல் பொருந்தியது. மறைந்த பக்கத்தைக் கிழவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். ஒட்டிய கன்னத்துக்குக் கொஞ்சம் சதை போட்டாள். தாடை அகலமாக வந்து, சொன்ன இடத்தில் உட்கார்ந்தது. சிரிப்பை முழுசாக விடவில்லை, உதட்டோரம் மட்டும் விட்டாள்.

மறுநாள் பெத்ரியா மகளோடு வந்தாள். ராதிசாவ் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டி, திரையின் அருகே குனிந்தாள். விரலால் நெற்றியிலிருந்து தாடை வரை கோடிழுத்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றாள் பெத்ரியா. ஸகோர்காவிடமில்லை, திரையிடம். "எல்லாத்தையும் என் தலையில போட்டுட்டுப் போயிட்டு, என்னய்யா சிரிப்பு உனக்கு?"

முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"காது இவ்வளவு பெருசா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"ஆமா. பெருசுதான்."

ராதிசாவ் கையை அவிழ்த்தான். "ஏத்திடலாமாக்கா?"

"ஏத்து."

"அப்ப அந்தப் புரோகிராம்?"

"நீ வச்சுக்க. உன் முகத்துக்குத் தேவைப்படும்."

ஸ்னெஜானா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனாள். ஸகோர்கா திரையை அணைத்தாள். நேற்றுக் காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் வயிற்றுக்குத் தெரிந்தது. எதிரே ரொட்டிக்கடையில் பாலாடைக்கட்டி வைத்த அடை சூடாகக் கிடைக்கும். தெருவைக் கடந்தாள்.