முத்துச்செல்வி வயிற்றுக்கு ஐந்து ஒய்

வயிற்றுவலி வந்தால் முத்துச்செல்வி அழ மாட்டாள், சோற்றுத் தட்டைத் தள்ளி வைப்பாள். இரண்டு மாதமாகத் தள்ளியதில் ஐந்து கிலோ குறைந்துவிட்டாள். சாத்தான்குளத்திலிருந்து அவள் அம்மா போன் செய்து, "சரியாகலைன்னா பெட்டியக் கட்டிட்டு ஊருக்கு வந்துரு" என்றாள். போனால் கல்யாணம்தான், வேலைக்குத் திரும்ப விடமாட்டார்கள். அதை என்னிடம் சொல்லும்போதுதான் முத்துச்செல்வி அழுதாள்.

அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் ஒரே ரூம். கம்பெனியில் நான் லைன் லீடர், அவள் என் லைனில் ஆபரேட்டர். அதனால் டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை.

"கேஸ் மாத்திரை தின்னது போதும்ட்டி. குடல் ஸ்பெஷலிஸ்டப் பாப்போம். ஆனா டாக்டரையும் ஆடிட் பண்ணித்தான் சேத்துக்கிடுவேன்" என்றேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு பீஸ் கெட்டால் 'ஒய் ஒய்' போடுவோம். ஏன் கெட்டது, அது ஏன், அதுவும் ஏன் என்று ஐந்து முறை கேட்டால் மூலகாரணம் தெரிந்துவிடுமாம். கடைசியில் 'ஆபரேட்டர் தப்பு' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம், அது வேறு விஷயம். ஐந்து ஒய் கேட்கிறவர்தான் நம் டாக்டர் என்று முடிவு செய்தேன்.

முதல் டாக்டருக்குப் போனில் ஐந்து ஸ்டார். முத்துச்செல்வி "வயிறு" என்றதுமே, "நாளைக்கு எண்டோஸ்கோபி" என்றார். ஒரு ஒய்கூட இல்லை. ரிஜெக்ட்! இரண்டாமவர் ஒரே ஒரு ஒய் கேட்டார். அதுவும், "ஏம்மா லேட்டா வந்தீங்க?"

மூன்றாவது ஸ்ரீபெரும்புதூரில். டோக்கன் கொடுத்த அமலா அக்கா, "இன்னாம்மா, பேஷன்ட் யாரு? நீயே பேசிக்கினு கீறே!" என்றார். முறைத்துவிட்டு உள்ளே போனேன்.

டாக்டர் வயதான அம்மா. அவசரமே படவில்லை.

"வலி ஏன் வருதுன்னு நெனைக்கிறே?"

"வெளிய சரியாப் போவல டாக்டர். நாலு நாளைக்கு ஒருக்காதான்."

"ஏன்?"

"வந்தா அடக்கிக்கிடுவேன். தண்ணியும் குடிக்க மாட்டேன்."

"ஏன் அடக்கறே?"

"வேலை நேரத்துலதான வருது. லைன விட்டு எந்திரிக்க முடியாதுல்லா."

"ஏன் முடியாது?"

"மாத்தி நிக்க ஆள் தரமாட்டாவ."

நான் மேசைக்கடியில் விரல் மடக்கிக்கொண்டிருந்தேன். நான்கு! அடேயப்பா, இவரல்லவா டாக்டர்!

"ஏன் தரமாட்டாங்க?"

முத்துச்செல்வி தரையைப் பார்த்தாள். "லைன் லீடரு... டார்கெட் முடிச்சிட்டுப் போன்னு சொல்லுவாவ."

"யாரு அந்தப் புண்ணியவதி? லெட்டர் தரேன், குடு."

ஐந்தாவது விரல் மடங்கவில்லை. "நான்தான் டாக்டர்" என்றேன். ஃபீஸ் கட்டியதும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான்.

அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். எடை குறைந்திருப்பதால் ரத்த டெஸ்டும் ஸ்கேனும் எழுதினார். பிறகு லெட்டரை என் கையிலேயே கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் கத்தினேன். "ஒரே ரூம்லதான கெடக்கோம்? ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாட்டி?"

"ரூம்ல நீங்க அக்கா. லைன்ல உங்களப் பாத்தாலே பயம்."

என்னை யாரும் அப்படி அறைந்ததில்லை.

ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை. "ஒரு மாசம் பாப்போம்" என்று அவள் அம்மாவும் இறங்கி வந்தாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முத்துச்செல்வி கை தூக்கினாள். லைன் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நாற்பது பீஸ் பின்தங்கியிருந்தோம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அவள் இடத்தில் போய் நின்றேன்.

"போய்ட்டு வா. மெதுவாவே வா."

அவள் திரும்பி வருவதற்குள் இன்னும் ஏழு பேர் கை தூக்கியிருந்தார்கள்.