சரவெடி மாலை

நகர் அழகுக் குழு கூடியது சிவகாசியில், ஜெயசுந்தரின் அச்சகத்து மாடியில். ஏசிக்கு நேர் கீழே தலைவர் ராஜபாண்டியன், பட்டாசுக் கம்பெனி முதலாளி. அவர் சிரித்தால் உடனே சிரிக்க வசதியாக, வலப்பக்கம் ஜெயசுந்தர். மேசை மூலையில் செயலாளர் கனகமணி டீச்சர். சிலை செய்த பாண்டிமீனாவுக்குக் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். குற்றவாளிக்கு அது போதுமாம்.

ரவுண்டானாவில் பட்டாசுச் சரம் பின்னும் பெண்ணைப் பத்தடி உயர ஃபைபர் சிலையாக நிறுத்தியிருந்தாள் பாண்டிமீனா. மற்ற ஊர்களில் ரிப்பன் வெட்டித் திறப்பார்கள். ராஜபாண்டியனுக்கு அது கேவலம். தன் கம்பெனியின் பத்தாயிரம் வாலா சரத்தைச் சிலையின் கழுத்தில் மாலையாகப் போட்டு, தன் கையாலேயே பற்றவைத்தார். பாண்டிமீனா கத்தித் தடுத்ததை யாரும் சட்டை செய்யவில்லை. புகை விலகியபோது சிலைக்கு முகம் இல்லை. கூட்டம் கைதட்டியது.

இப்போது சூலக்கரை கலெக்டர் அலுவலகம் செயலாளரிடம் விளக்கம் கேட்டிருந்தது. பழி பாண்டிமீனாமேல் விழுந்தால், சாத்தூரில் பேசி வைத்திருக்கும் சுவரோவிய வேலை அவளுக்குக் கிடைக்காது.

"வெயில்ல உருகிட்டுன்னு எழுதுங்க டீச்சர். சரக்கு மட்டம்னு ஒரு வரி சேத்துக்கிடுங்க" என்றார் ராஜபாண்டியன்.

"ஏன் அண்ணாச்சி, வெயிலு மூஞ்சிய மட்டும் பாத்தா அடிச்சுது? காலு அப்படியேல்ல இருக்கு!" என்றாள் பாண்டிமீனா.

"இல்லன்னா மாடர்ன் ஆர்ட்டுன்னு சொல்லிருவோம் அண்ணாச்சி" என்றார் ஜெயசுந்தர். "மொகமில்லாத பொண்ணு. மதுரையில இருந்தெல்லாம் பாக்க வருவாக."

தலைவர் அதையும் யோசிக்கத் தொடங்கினார். கனகமணி ஏசியை அண்ணாந்து பார்த்தார். இந்த இரண்டு மூளைகளைக் குளிர வைக்க ஒரு ஏசி வேறு!

"நீங்க கொளுத்துனத ஊரே போன்ல பிடிச்சு வச்சிருக்கு அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

"மரியாதைக்குப் போட்ட மாலைல்லா அது!"

"அப்ப அந்த மரியாதைய அப்படியே எழுதிருதேன்."

"நான் கையெழுத்துப் போடமாட்டேன், பாத்துக்கோங்க."

"உங்ககிட்ட யாரு கேட்டாக? கேட்டது செயலாளர்கிட்ட."

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று முறையாகத் தொடங்கி எழுதி முடித்து, கனகமணி உரக்க வாசித்தார்: "தலைவர் தம் கம்பெனிச் சரத்தைச் சிலைக்கு மாலையாக அணிவித்துக் கொளுத்தினார். சிலை செய்தவர் தடுத்தும் கேட்கவில்லை. சிலையின் தரத்தில் குறை இல்லை."

"டீச்சர், அவசரப்படாதீக. டீ சொல்லியிருக்கேன்" என்று ராஜபாண்டியன் முதல்முறையாக நாற்காலியை விட்டு எழுந்தார்.

கனகமணி கையெழுத்திட்டு, உறையில் பசை தடவி, ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினார். படியிறங்கி, தெருமுனைத் தபாலாபீஸ் கவுண்டரில் நீட்டினார்.

"ஸ்பீடு போஸ்ட். சூலக்கரைக்கு."