எட்டாவது பிரிவும் மூடிய கால்வாயும்

1

இந்தக் கதை ஒரு வாடகை ஒப்பந்தத்திலிருந்து கிடைத்தது. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் நான் தலை பின்னிக்கொள்ளும் கடையின் சுவரில் அதை ஒட்டியிருந்தார்கள். தலையை அசைக்க முடியாத மூன்று மணி நேரத்தில் எட்டாவது பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன்: 'கடையிலிருந்து கட்டடத்துக்கு எந்தக் காரணத்தால் சேதம் வந்தாலும் வாடகைதாரரே ஈடுசெய்ய வேண்டும்.'

(நான் வேதியியல் படித்தவள். ஆய்வேட்டில் 'எந்தக் காரணத்தாலோ' என்று எழுதினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.)

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிய ஒரு காலையில் நசூனா—

வேண்டாம். பழி மழையின் மேல் போய்விடும்.

மூன்றாம் மாடியில் தலை பின்னும் கடை வைத்திருக்கும் நசூனா, சனிக்கிழமை மாலை குழாயை மூடாமல் வீட்டுக்குப் போனாள். அன்று தண்ணீர் நின்றுபோயிருந்தது. நின்றால் இங்கே எல்லாரும் குழாயைத் திறந்துவிட்டு அடியில் வாளி வைப்பார்கள். சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வந்தது. கேட்க யாரும் இல்லை. கீழ்மாடியின் கூரைப்பலகை ஊறி விழுந்தது. கட்டடத்தின் மின்பலகை கருகியது.

அவளைக் குற்றமே இல்லாதவளாக்கியும் எழுதிப் பார்த்தேன். கதை நொண்டியது. குழாய் திறந்தே இருக்கட்டும்.

3

திங்கட்கிழமை மேலாளர் கிகோங்கோ ஒரு கடிதத்தோடும் ஒரு பூட்டோடும் வந்தார். கையெழுத்துப் போடாவிட்டால் கட்டடத்தின் பூட்டு கடையில் தொங்கும். பதினொரு வருடக் கடை.

"எல்லாச் சேதமும் என் பொறுப்புன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் அக்கா."

"குழாயைத் திறந்துபோட்டது நான்தான் ஐயா. இல்லைன்னு சொல்லலை. இந்த மாடியில வழிஞ்ச தண்ணி வெளியே போற வாசக் கால்வாயை யாரு சிமென்ட் வெச்சு மூடினது?"

"அங்க செல்போன் கடை வந்திருக்குல்ல. இடம் வேணாமா?"

"அப்ப தண்ணி எங்க போகும்?"

"எட்டாவது பிரிவு. எந்தக் காரணமா இருந்தாலும் நீங்கதான். படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

பாதித் தலை பின்னிய கெமிகிஷா நாற்காலியிலிருந்தே கேட்டாள். "இப்ப பூட்டிட்டா என் மீதித் தலைக்கு யாரு பொறுப்பு?"

"வேணும்னா உங்களை உள்ள வெச்சே பூட்டுறேன் அம்மா."

"பூட்டுங்க. நான் கதவை உடைச்சுக்கிட்டு வர்றேன். அதுக்கும் இவதானே ஈடு கட்டணும்?"

4

முடிவுகள்.

அ) கையெழுத்துப் போடுகிறாள். எழுதினேன், கிழித்தேன்.

ஆ) கிகோங்கோ மனம் இரங்குகிறார். அவருக்கும் மேலே ஒரு முதலாளி இருக்கிறார். பொய்.

இ) நீதிமன்றம். தீர்ப்பு எப்படியும் வரலாம் என்றார் நான் விசாரித்த வழக்கறிஞர். அதுவரை பூட்டு மட்டும்—

5

நசூனா கடிதத்தில் 'எல்லாச் சேதமும்' என்பதை அடித்தாள். கீழே எழுதினாள்: 'நான் மூடாத குழாய்க்கு நான் பொறுப்பு. நீங்கள் மூடிய கால்வாய்க்கு நீங்கள்.' கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"இதை முதலாளிகிட்ட எப்படிக் குடுக்கிறது?"

"ரெண்டு கையாலயும் மரியாதையாக் குடுங்க."

கெமிகிஷாவின் பின்னால் போய் நின்று விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள். வாசலில் கிகோங்கோ ஒரு கையில் தாளும் ஒரு கையில் பூட்டுமாக நின்றார்.

பூட்டினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த வரியை நான் எழுத மாட்டேன். பூட்டியிருக்க வேண்டும் என்று நினைப்பவர் தாமே எழுதிக்கொள்ளட்டும். கீழே தம் பெயரையும் போடட்டும்.