முரண்டு பிடித்த கிடா

தாமரைச்செல்விக்கு அந்த ஸ்டுடியோவில் கிடைத்த வேலை, வட்டம் போடுவதும் கட்டம் போடுவதும்தான். பரவையில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஸ்டுடியோ. கல்யாணம், காதணி விழா என்று மண்டபத்து எல்இடி திரையில் ஓடுகிற அனிமேஷன் படங்களைச் செய்து கொடுப்பார்கள். முதலாளி வெங்கடேஷ்பாபு படத்தை அசைப்பார். அவர் அசைப்பதற்கு வேண்டிய உருவங்களை, தட்டுக்கு வட்டம், வீட்டுக்குச் சதுரம், கூரைக்கு முக்கோணம் என்று கணினியில் வரைந்து வைப்பது தாமரை. ஓர் உருவத்தையாவது தன் கையால் நடக்கவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. சமயநல்லூரில் வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்துப் பழகியும் வைத்திருந்தாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. நாள் முழுக்க வட்டம் போடுகிறவளுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது என்று அவர் கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது?

அப்போதுதான் வெங்கடேஷ்பாபு ஓர் ஏஐ ஏஜென்டைக் கொண்டுவந்து மென்பொருளோடு இணைத்தார். வேண்டியதை எழுதிக் கொடுத்தால் போதும், அதுவே உள்ளே புகுந்து உருவங்களை வரைந்து அடுக்கிவிடுமாம்.

“நீயே இதுக்கு வேலை சொல்லு தாமரை. தேனூர்க்காரர் படத்துலயே பாத்துருவோம்” என்றார்.

தன் வேலையைப் பிடுங்க வந்ததற்குத் தானே வேலை சொல்வதா! ஆனாலும் உட்கார்ந்தாள்.

தேனூர்க்காரர் என்றால் நல்லகாமன். அவருடைய தங்கை மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் சீரோடு மண்டபத்துக்குள் நுழையும்போது, அதே ஊர்வலம் திரையிலும் வர வேண்டும் என்று கேட்டிருந்தார். தட்டுகள், வாழைத்தார், கொட்டுக்காரர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மாலை போட்ட கிடா.

தாமரை எழுதினாள். ஒரு நீள்வட்டம், அதன் முன்னால் சின்னதாக இன்னொன்று, கீழே நான்கு ஒல்லிக் கட்டங்கள். கையில் இருந்த டீ ஆறுவதற்குள் கிடா வந்து நின்றது. அவள் வரைந்தால் காலைப்பொழுது போயிருக்கும். ஒரு கோடுகூடப் பிசகவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெங்கடேஷ்பாபு கிடாவை நடக்கவிட்டார். நான்கு கால்களும் ஃபேன் றெக்கை மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றின. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இதுக்குத்தான் இம்புட்டு பில்டப்பா? கழட்டி விட்ருவோம் இத. நீ பழையபடி கையாலயே போட்டுரு தாமரை.”

வீட்டிலிருந்து போன் வந்தது. சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டே அவர் வெளியே போனார்.

தாமரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேலை தப்பித்தது. ஆனால் திரையில் கால்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன, காரணம் அவளுக்குப் புரிந்துவிட்டது. எந்த உருவமும் ஏதோ ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும். காலுக்கு அந்தப் புள்ளி உடம்போடு சேருகிற இடத்தில் இருக்க வேண்டும். ஏஜென்ட் அதைக் கட்டத்தின் நடுவில் வைத்திருந்தது. வைக்காமல் என்ன செய்யும்? கட்டம் என்றுதான் அவள் சொன்னாள், கால் என்று சொல்லவே இல்லை. கையால் வரையும்போது அவளுடைய விரல் தன்னால் அந்தப் புள்ளியை நகர்த்தி வைத்துவிடும். எழுதும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

வாயை மூடிக்கொண்டால் வேலை நிச்சயம். இன்றைக்கும் வட்டம், அடுத்த வருஷமும் வட்டம்.

வெங்கடேஷ்பாபு உள்ளே வந்ததும் சொல்லிவிட்டாள். “அண்ணே, தப்பு அது மேல இல்ல. நான் சொன்ன விதந்தான் தப்பு.”

திரும்ப எழுதினாள். இவை கால்கள், உடம்போடு சேருகிற இடத்திலிருந்து வீச வேண்டும். இது தலை, கழுத்திலிருந்து ஆட வேண்டும். இந்தமுறை கிடா ஒழுங்காகக் கால் வீசியது. சாப்பாட்டு நேரத்துக்குள் ஊர்வலம் முழுவதற்கும் உருவங்கள் வரிசையாக வந்துவிட்டன.

வெங்கடேஷ்பாபு தாடையைத் தடவினார். “அப்ப இனிமே ஒனக்கு என்ன வேலை தாமரை?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை.

“கிடாய நான் நடக்க விட்டுப் பாக்கவாண்ணே? பழகியிருக்கேன். சரியில்லைன்னா நீங்க மாத்திக்கங்க.”

அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தவர், தன் நாற்காலியிலிருந்து எழுந்து அவளுக்கு இடம் விட்டார்.

சாயங்காலம் நல்லகாமன் வந்தார். திரையில் தட்டுகள் வந்தன, கொட்டு வந்தது, ஓர் ஆள் கயிற்றைப் பிடித்துவர அவன் பின்னால் கிடா வந்தது. அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா கிடா இப்படியாம்மா வரும்? பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ள மாதிரில போகுது. நம்ம கிடா தெருவுக்குத் தெரு முரண்டு பிடிக்கும்.”

வெங்கடேஷ்பாபுவின் கை மவுஸை நோக்கிப் போனது. தாமரை விடவில்லை.

“ஒரு நிமிசம் இருங்கண்ணே.”

ஒரு நிமிஷம் இல்லை, நல்லகாமன் ஒரு டீ குடித்து முடித்து, அடுத்ததும் கேட்டுவிட்டார். பிறகு அவள் ஓட்டிக் காட்டினாள். கிடா வந்தது. திடீரென்று முன்னங்கால்களை ஊன்றி நின்றது. தலை தாழ்ந்தது, கயிறு விறைத்தது. கயிற்றைப் பிடித்தவன் உடம்பை வளைத்து இழுத்தான், கிடா அசையவில்லை. அவன் அலுத்துப்போய்க் கொஞ்சம் கயிற்றைத் தளர்த்தியதுதான் தாமதம், கிடா பாய்ந்து அவனைத் தாண்டி ஓட, அவன் பின்னாலேயே தடுமாறிப் போனான்.

நல்லகாமன் தொடையில் தட்டிச் சிரித்தார். “அட, இது நம்ம கிடாதான்! இழுக்கிறவன் யாரு, நானா? தங்கச்சி பாத்தா மண்டபமே அதிரச் சிரிக்கும். இன்னொரு தடவ போடும்மா.”

தாமரை போட்டாள். வெங்கடேஷ்பாபுவும் சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் கண் திரையில் இல்லை, அவள் கையில் இருந்தது.

நல்லகாமன் படியிறங்கிப் போவதற்குள் வெங்கடேஷ்பாபுவின் போன் அடித்தது. மேலூரிலிருந்து யாரோ, புதுமனை புகுவிழாவுக்குப் படம் கேட்டார்கள்.

“உருவமெல்லாம் ஏஐ போட்டுரும் சார், அது பெரிய வேலை இல்ல. அசைக்கிறது எங்க தாமரை. இருங்க, அவங்ககிட்டயே பேசுங்க.” போனை நீட்டினார்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“வணக்கம் சார்” என்றாள். “சொல்லுங்க, ஒங்க படத்துல எதெல்லாம் அசையணும்?”